ஒரு தீப்பெட்டி இடைவெளி

"டயர் மாத்த வந்தீகளா, வண்டிக்கு மேக்கப் போட வந்தீகளா?" என்று கேட்டார் மணிகண்டராஜ்.

தாயில்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவருடைய டயர் கடை. வந்து நின்றவர்கள் புருஷன் பெண்சாதி இரண்டு பேர். செழியன் பதினெட்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காலி அட்டைப்பெட்டி லோடு அடிக்கிறவன். யோகலட்சுமி அவனோடு கூடவே போய் ஏற்றி இறக்குகிறவள். சொந்த பிக்கப்தான். நாலு டயரும் தேய்ந்து வழுக்கையாகி, மழைத் தண்ணியில் வண்டி சறுக்க ஆரம்பித்திருந்தது.

செழியன் கண் கடையின் மூலையில் அடுக்கியிருந்த நாலு சக்கரத்தின் மேல் இருந்தது. பளபளவென்று அலாய் வீல், அதில் குண்டு குண்டாக டயர்.

"அந்தா கெடக்கே, அது என்ன சைஸ் அண்ணாச்சி?"

"அதுவா? இருநூத்தி முப்பத்தஞ்சு. சாத்தூர்ல ஒரு ஜீப்காரர் கழட்டிப் போட்டது. உன் வண்டியில இருக்கது நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

"நாப்பது கூட. நல்லதுதானே?"

"யாருக்கு நல்லது?"

"வண்டிக்கு."

"வண்டி சொல்லுச்சா?" என்றாள் யோகலட்சுமி. "எந்தம்பி முனியராஜ் வண்டி உசரமா நிக்குதுல்ல அண்ணாச்சி, அது இவுக நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கு. அதை நேராச் சொன்னா என்ன?"

"ஏ, முனியராஜ் பேச்சு எதுக்கு இங்கன? கரிசல் ரோட்டுல வண்டி அடி தட்டுதுன்னுதான் பாக்கேன்."

"பதினெட்டு வருஷமாத் தட்டாதது இப்பத் தட்டுதாக்கும்."

மணிகண்டராஜ் ஒரு சாக்பீஸை எடுத்துக் குந்தி உட்கார்ந்தார். சிமெண்ட் தரையில் 195/80 R15 என்று எழுதினார்.

"இதைப் பாத்துக்கோ செழியா. முதல்ல இருக்கது டயரோட அகலம், மில்லிமீட்டர் கணக்கு. ரெண்டாவது சுவர் உசரம். அகலத்துல நூத்துக்கு எம்பது பங்கு. கடைசியில பதினஞ்சு, அது ரிம்மு. இஞ்ச் கணக்கு."

"அகலம் மில்லிமீட்டர்ல, ரிம்மு இஞ்சுலயா? ஒரே சாமானுக்கு ரெண்டு அளவா?"

"உலகம் பூரா அப்பிடித்தான். நானா எழுதினேன்? இப்ப இந்தக் குண்டு டயரைப் போட்டா ஆக மொத்த உசரம் நாலு சென்டிமீட்டர் கூடும். பாதிதான் வண்டி ஒசரும், ரெண்டு சென்டிமீட்டர். மீதிப் பாதி மேல மட்கார்டுப் பக்கம் ஏறும். ஜீப்போட ரிம்முங்கிறதால வெளியவும் கொஞ்சம் தள்ளி நிக்கும். இன்னொண்ணு, டயர் ஓரத்துல சொமை நம்பர் போட்டிருப்பான். உன் ஒல்லி டயர்ல நூத்தியாறு. இந்தக் குண்டுல நூத்தஞ்சு. குண்டா இருக்கதால கூடச் சொமக்கும்னு நெனச்சிராத."

யோகலட்சுமி புருஷனின் வயிற்றைப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

மணிகண்டராஜ் சிரித்துவிட்டார். செழியனும் சிரித்தான், ஆனால் கையை அலாய் வீலின் மேலிருந்து எடுக்கவில்லை.

"சரி, என்ன லோடு அடிக்கீக?"

"ஃபுல் லோடுதான் அண்ணாச்சி. கயிறு போட்டுக் கட்டினா கரண்டு கம்பிக்குக் கீழ குனிஞ்சு போகும். அம்புட்டு உசரம்."

"அது அட்டைப்பெட்டி. இனிமே?"

அதற்கு யோகலட்சுமி பதில் சொன்னாள். "வெள்ளிக்கிழமை சிவகாசியில காலண்டர் லோடு ஒண்ணு பாக்கச் சொல்லியிருக்காக. அச்சாபீஸ் சுப்புலட்சுமி அம்மா. ஒரு லோடு சேதமில்லாம விருதுநகர் கொண்டு சேத்தா தை வரைக்கும் காலண்டர் ஓட்டுற லைன் எங்களுக்கு. இல்லேன்னா தீபாவளி முடிஞ்சு பட்டாசுக் கம்பெனியப் பூட்டினதும் நம்ம வண்டி வேப்பமரத்தடியில நிக்கும், காக்கா எச்சம் போடும். போன வருஷம் அப்பிடித்தான் நின்னுச்சு."

மணிகண்டராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்தார்.

"வாங்கணும்னு சொல்லல. ரெண்டு நாள் மாட்டிக்கிட்டு ஓட்டிப் பாரு. ஒன் பழைய ரிம்மு இங்கன கெடக்கட்டும். ஆனா லோடு ஏத்தின பிறகு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல இந்தப் பெட்டியை வச்சுப் பாக்கணும். நிமிந்து நின்னா ராஜா மாதிரிப் போகலாம். ஒருக்களிச்சு நின்னாலும் போதும். மல்லாந்துதான் படுக்கும்னா வண்டியை எடுக்காத. சொமையோட பாக்கணும், காலி வண்டியில பாக்கக் கூடாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு அண்ணாச்சி," என்று செழியன் அலாய் வீலைத் தூக்கப் போனான்.

தீப்பெட்டியை யோகலட்சுமி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை திருத்தங்கல் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றினார்கள். பிக்கப்பின் மேல் இன்னொரு பிக்கப்பைக் கவிழ்த்து வைத்த மாதிரி பெட்டி ஏறிற்று. கயிறு போட்டு இறுக்கி, செழியன் கீழே இறங்கி நாலு பக்கமும் சுற்றி வந்தான்.

"பாத்தியா, சிங்கம் மாதிரி நிக்கி."

"பெட்டியை வச்சுப் பாக்கட்டா?"

"நேரமாச்சு. போய்ச் சேந்து பாத்துக்குவோம்."

தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது பட்டாசுக் கம்பெனி. வழியில் எந்தச் சத்தமும் இல்லை. குழியில் இறங்கி ஏறும்போதும் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் வழக்கம்போல வண்டியை நிறுத்தினார்.

"செல்போன், பீடி, தீப்பெட்டி?"

செழியன் செல்போனைக் கொடுத்தான். யோகலட்சுமிக்கு அப்போதுதான் முந்தானை ஞாபகம் வந்தது. முடிச்சை அவிழ்த்தாள்.

"அண்ணே, இது காலித் தீப்பெட்டி. குச்சி கெடையாது. டயர் அளக்குறதுக்கு வச்சிருக்கோம்."

வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "டயரைத் தீப்பெட்டியில அளக்கீகளா?"

"ஆமாண்ணே."

"எங்கம்மா சத்தியமா இப்பிடி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்ல. காலியோ, நெறைஞ்சதோ, தீப்பெட்டி உள்ள போகக் கூடாது. வச்சிட்டுப் போங்க. திரும்பும்போது தாரேன்."

அதில் ஒன்றும் தப்பில்லை என்று யோகலட்சுமிக்கும் தெரியும். கொடுத்துவிட்டாள்.

உள்ளே பெட்டி இறக்க வந்தவர்களில் முன்னால் நின்றவள் வீரலட்சுமி. இவர்கள் தெருதான். செழியனுக்கு மதினி முறை. வண்டியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"என்ன கொழுந்தனாரே, வண்டிக்கு ஹீல்ஸ் மாட்டி விட்டிருக்கீகளா?"

"நல்லாருக்கா மதினி?"

"பாக்க நல்லாத்தான் இருக்கு. எட்டி எடுக்கிறவளுக்குத்தான் கம்புக்கூடு வலிக்கி. நேத்து வரைக்கும் வண்டித் தட்டு எனக்கு நெஞ்சுக்கு இருந்துச்சு. இன்னைக்குத் தோளுக்கு வந்துருச்சு. நான் குட்டையாயிட்டனா?"

"ரெண்டு சென்டிமீட்டர்தான் மதினி."

"அதை எந்தோளுக்குச் சொல்லுங்க."

பெட்டி இறங்கி முடிந்தது. வெளியே வரும்போது வாட்ச்மேன் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். செழியன் வண்டியை ஓரம் கட்டி, தானே இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்கு மேல் அதைச் செருகினான். நிமிர்ந்து நின்றது.

"ராஜா! வந்து பாரு யோகம், ராஜா மாதிரி நிக்கி!"

"காலி வண்டியிலயா பாக்கச் சொன்னாக?"

"இப்பத்தானே ஃபுல் லோடு அடிச்சோம்? ஒரு உரசல் உண்டா? சொல்லு."

"ஏங்க, அது லோடா? அட்டைக்குள்ள காத்து. எம்பது பெட்டியையும் ஒத்தையில நானே இறக்கிருவேன்."

"பன்னண்டடி உசரம் ஏத்தியிருக்கேன், அது லோடு இல்லையாம். நீ ஏறு."

அவள் ஏறிக்கொண்டாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அதற்கு மேல் சண்டை போட வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிவகாசி அச்சாபீஸ். தினசரித் தாள் காலண்டர் கட்டுக் கட்டாகக் கூடத்தில் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தது. சரக்கு அனுப்புகிற பொறுப்பு ஊர்க்காவலன் என்கிற பெரியவருக்கு. காதில் பென்சிலோடு நின்றார். சுப்புலட்சுமி அம்மா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஒரு கட்டின் மூலையை விரலால் தடவிப் பார்த்துச் செழியனிடம் சொன்னார்.

"இந்த மூலை மடங்கக் கூடாது. அட்டையில சாமி படம் இருக்கு. மூலை மடங்குனா கடைக்காரர் திருப்பி விட்டுருவாரு. அதைத்தான் நான் பாப்பேன், வேற ஒண்ணும் பாக்க மாட்டேன்."

"பூ மாதிரிக் கொண்டு போறேம்மா."

அம்மா உள்ளே போய்விட்டார். ஆட்கள் கைக்குக் கை மாற்றிக் கட்டுகளை ஏற்றினார்கள். யோகலட்சுமி வண்டியில் நின்று வாங்கி அடுக்கினாள். முதல் கட்டை வாங்கும்போதே அவள் முழங்கை இறங்கிற்று. பத்தாவது கட்டில் மூச்சு வாங்கிற்று. கட்டு முழங்கால் உசரம் வந்ததும் ஊர்க்காவலன் கையைத் தூக்கினார்.

"போதும்."

செழியன் எட்டிப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, நிறுத்திட்டீக?"

"அம்புட்டுத்தான்."

"பாதி கூட வரலையே. மேல பூராம் வெறிச்சுனு கெடக்கு."

"டன்னேகால் ஆச்சு தம்பி."

"இந்த முழங்கால் உசரமா?"

"தாளு தம்பி, இது. அட்டை இல்ல."

யோகலட்சுமி மேலேயிருந்து புருஷனின் தலைமுடியைப் பிடித்து இழுக்காத குறையாகச் சொன்னாள், "அவுகதான் சொல்றாகல்ல. கயிறைப் போடுங்க."

"சும்மா இரு யோகம். இப்பிடிப் பாதி வண்டியோட பஜார் வழியாப் போனா நாலு பேரு என்ன நெனப்பான்? அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வரிசை போடச் சொல்லுங்க. வண்டி தாங்கும். டயரைப் பாருங்க, எம்புட்டுப் பெருசு."

ஊர்க்காவலன் டயரைப் பார்த்தார். பெரிசாகத்தான் இருந்தது. ரெண்டு வரிசை ஏறிற்று. யோகலட்சுமி அடுக்கி முடித்து இறங்கியதும் முந்தானையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் போனாள். அதற்குள் செழியன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

"ஏங்க! நில்லுங்க!"

வண்டி கூடத்தை விட்டு நகர்ந்தது. அச்சாபீஸ் கேட்டில் சாக்கடைக்கு மேல் ஒரு மேடு உண்டு. அதில் ஏறி இடது பக்கம் திரும்பவேண்டும். வண்டி ஏறிற்று, சாய்ந்தது. கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். கல்லில் அரிவாள் தீட்டுகிற மாதிரி. அவன் என்னவோ என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினான். ரப்பர் கருகுகிற நாற்றம் கேட் முழுக்கப் பரவிற்று.

சிவகாசிப் பக்கம் எது கருகினாலும் ஒருத்தரும் நின்று யோசிக்கிறதில்லை. கட்டிங் மெஷின் நின்றது. உள்ளே யாரோ மெயின் சுவிட்சை இறக்கினார்கள். எங்கேயென்று கேட்காமலே முப்பது பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஊர்க்காவலன் வந்த வேகம் அந்த வயசுக்கு அதிகம். ரெண்டு கையிலும் மணல் வாளி. வண்டிக்குக் கீழே புகையைப் பார்த்ததும் ஒரு வாளியை வீசினார். டயர், மட்கார்டு, இறங்கி வந்த செழியனின் கால் எல்லாம் மணல்.

"தீயில்ல அண்ணாச்சி, தீயில்ல! டயர் உரசிருச்சு!"

"ஒரசுச்சா?" ஊர்க்காவலன் இரண்டாவது வாளியைக் கீழே வைத்தார். "எனக்கு உசுரு போய் வந்துச்சுடா."

சுப்புலட்சுமி அம்மா வந்து நின்றதும் கூட்டம் விலகிற்று. அவர் வண்டியைப் பார்த்தார். இடது பின் சக்கரம் மட்கார்டுக்குள் பாதி போயிருந்தது.

"எம்புட்டு ஏத்துனீங்க?"

"டன்னேகால் போதும்னேன். ரெண்டு வரிசை கூடக் கேட்டாரு," என்றார் ஊர்க்காவலன்.

"ஏம்ப்பா கேட்ட?"

செழியன் தலையைச் சொறிந்தான். "பாதி வண்டி காலியா இருந்துச்சும்மா."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "சரக்கை இறக்குங்க. நான் வேற வண்டிக்குச் சொல்லிக்கிறேன்."

யோகலட்சுமி முன்னால் வந்தாள். அவள் சேலையெல்லாம் காலண்டர்த் தூசி.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை. நான் அடுக்கின கட்டுல ஒரு மூலை மடங்கியிருக்கான்னு பாருங்க."

அம்மா ஒரு கட்டைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். மேட்டில் ஏறிச் சாய்ந்த வண்டியில் ஒரு மூலையும் மடங்கவில்லை.

"மடங்கல. அதுக்கென்ன?"

"அடுக்கு சரியா இருக்கு. சக்கரந்தான் சரியில்ல. நாளைக்கு ஒரு தடவை மட்டும் பாருங்கம்மா. இந்தக் கேட்டுல திரும்பும்போது சத்தம் கேட்டுச்சுன்னா நானே இறக்கி அடுக்கிட்டுப் போயிருதேன்."

அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி அவளைப் பார்த்தார். "பத்து மணி. பத்தே காலுக்கு நான் வேற வண்டிக்குப் போன் போட்டுருவேன்."

சரக்கை இறக்கிவிட்டு வரும்போது சிவகாசி தாண்டியதும் செழியன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"பதினெட்டு வருஷம் யோகம். ஒரு நாள் கூட நான் பாதி வண்டியோட ரோட்டுல போனதில்ல. முழங்கால் உசரத்துல கயிறு கட்டணும்னா எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"தெரியுது."

"திட்டேன். ஏன் சும்மா வார?"

"திட்டினா டயர் சின்னதாயிருமா? வெலக்குக்கு விடுங்க. அஞ்சு மணிக்குக் கம்பெனி வேன் வரும். அதுக்குள்ள போயிரணும்."

"வேன் எதுக்கு?"

"வாங்க சொல்றேன்."

மணிகண்டராஜ் நடந்ததைக் கேட்டுத் திட்டவில்லை. "தீப்பெட்டியை வச்சுப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். செழியன் தரையைப் பார்த்தான். தரையில் அன்றைக்கு எழுதிய 195/80 இன்னும் அழியாமல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் மணிகண்டராஜ் 215/75 R15 என்று எழுதினார்.

"இது லோடு வண்டிக்குனே வார டயர். அகலம் கொஞ்சம் கூட, கரிசல் சேத்துல பிடிக்கும். ஒன் பழைய ரிம்முலயே உக்காரும். ஒம் மாடலுக்கு ரெண்டு சைஸும் கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டதுதான். கதவோரம் ஸ்டிக்கர்ல போட்டிருப்பானே, பாத்ததில்ல?"

செழியன் கதவைத் திறந்தான். ஸ்டிக்கர் இருக்கவேண்டிய இடத்தில் அய்யனார் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார்.

"சாமி படத்தைப் பிய்க்கவா அண்ணாச்சி?"

"வேணாம், ஓரத்தை மட்டும் தூக்கு."

தூக்கினால் குதிரையின் காலுக்குக் கீழே ரெண்டு சைஸும் அச்சடித்திருந்தது. "இந்த வண்டி வாங்கின பன்னண்டு வருஷமா இவருக்குக் கீழயே இருந்திருக்கே," என்றான் செழியன்.

"சொமையோட பாக்காம நான் இந்தத் தடவை தர மாட்டேன்," என்றார் மணிகண்டராஜ். "டன்னேகாலுக்கு எங்க போறது? மணல் மூட்டை கூட என்கிட்ட இல்ல."

"அந்தா வருது டன்னேகால்," என்றாள் யோகலட்சுமி.

பட்டாசுக் கம்பெனி வேன் விலக்கில் நின்றது. கையில் தூக்குச்சட்டியோடு பெண்கள் இறங்கினார்கள். அடுத்து இன்னொரு வேன். யோகலட்சுமி ரோட்டைத் தாண்டி ஓடினாள்.

"அக்கா! எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. வண்டியில ஏறி நிக்கணும்."

வீரலட்சுமி பயந்தாள். "எங்கடி போறோம்? எங்களை லோடு வண்டியில ஏத்தினா போலீஸ் பிடிக்கும்."

"எங்கயும் போகல. நின்ன இடத்துலயே நிக்கணும். டயருக்கு வெயிட் பாக்கணும்."

"அப்ப எங்களைச் சொமைங்கிற."

"டீயும் பஜ்ஜியும் இவுக செலவு."

"அப்பச் சரி, சொமைதான்," என்று வீரலட்சுமி தூக்குச்சட்டியை டயர் அடுக்கின் மேல் வைத்தாள்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்கள். மணிகண்டராஜ் சாக்பீஸோடு நின்று ஒவ்வொருத்தியாக எடை கேட்டார்.

"ஒன் எடை எம்புட்டும்மா?"

"நாப்பத்தஞ்சு."

"ஒனக்கு?"

"நாப்பத்தாறு இருக்கும்."

"வீரலட்சுமி?"

"நாப்பத்தெட்டு."

செழியன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மதினி, மாரியம்மன் பொங்கலுக்கு ஆஸ்பத்திரி மெஷின்ல ஏறினப்ப எழுவத்திரண்டு காட்டுச்சே?"

"அது தங்கச் சங்கிலி போட்டிருந்தேன்."

"இருவத்தி நாலு கிலோவுக்கா?"

கூட்டம் கெக்கலித்தது. மணிகண்டராஜ் எழுதினதையெல்லாம் அழித்துவிட்டார். "நீங்க யாரும் எடை சொல்ல வேணாம். தலைக்கு அம்பத்தஞ்சுன்னு நானே வச்சுக்கிறேன். இருவத்திமூணு பேரு ஏறுங்க."

"எனக்கு அம்பத்தஞ்சா? அநியாயம்," என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே ஏறினாள்.

முதலில் குண்டு டயர். பெண்கள் நெருக்கி நின்றதும் வண்டி இறங்கிற்று. யோகலட்சுமி பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தித் தீப்பெட்டியை நீட்டினாள். நிமிர்த்திப் பார்த்தாள், முடியவில்லை. ஒருக்களித்துப் பார்த்தாள், முடியவில்லை. மல்லாத்தினாள். உரசிக்கொண்டு போயிற்று.

"எல்லாரும் இடது பக்கமாச் சாயுங்க," என்றார் மணிகண்டராஜ். "அச்சாபீஸ் மேடுன்னு நெனச்சுக்கோங்க."

சாய்ந்தார்கள். தீப்பெட்டி நசுங்கிச் சப்பையாக வெளியே விழுந்தது.

யோகலட்சுமி அதை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"காலையில என் லைனும் இப்பிடித்தான் நசுங்குச்சு," என்றான்.

"இன்னும் போகல. வேற பெட்டி வாங்கிட்டு வாங்க."

பெண்கள் இறங்கிக் கல்மேலும் டயர்மேலும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பழைய ரிம்மில் 215 ஏறி முடிவதற்குள் பஜ்ஜி ரெண்டு தட்டு தீர்ந்தது. மறுபடி ஏறினார்கள்.

"இப்ப பஜ்ஜியையும் சேத்துக் கணக்குப் போடுங்க அண்ணாச்சி," என்றாள் வீரலட்சுமி மேலேயிருந்து. "ஏறும்போதே பாத்தேன், வண்டித் தட்டு மறுபடி என் நெஞ்சுக்கு வந்துருச்சு. இதுதான் எனக்குச் சரியான டயரு."

யோகலட்சுமி புதுத் தீப்பெட்டியிலிருந்து குச்சிகளை டீக்கடைக்காரரிடம் கொட்டிவிட்டு வந்து குந்தினாள். நிமிரவில்லை. ஒருக்களித்தாள். நின்றது.

"நிக்கி."

"சாயுங்க தாயீ எல்லாரும்!"

இருபத்திமூன்று பேர் இடது பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு பேர் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கத்தினார்கள். தீப்பெட்டி கொஞ்சம் இறுகிற்று. நசுங்கவில்லை. மணிகண்டராஜ் செழியனை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடித்து முன் சக்கரத்தை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்துத் திருப்பச் சொன்னார். குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்ல. எடுத்துக்கோ."

செழியன் இறங்கி வந்தான். "அண்ணாச்சி, பழசுக்கு இது எம்புட்டு ஒசந்திருக்கும்?"

"அஞ்சு மில்லிமீட்டர்."

"அம்புட்டுத்தானா?"

"முனியராஜ்கிட்டச் சொல்ல ஒரு பென்சில் பருமனாவது இருக்குல்ல," என்றாள் யோகலட்சுமி. "அது போதும்."

சனிக்கிழமை பத்து மணிக்கு அச்சாபீஸ் கேட்டில் வேலை இல்லாதவர்களும் நின்றார்கள். கட்டிங் மெஷின் ஆட்கள் ஜன்னலில். சுப்புலட்சுமி அம்மா கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காவலன் கையில் ஒரு மணல் வாளி.

"அதை எதுக்கு அண்ணாச்சி வச்சிருக்கீக?" என்று கேட்டான் செழியன்.

"சும்மாதான். நீ வண்டியை உள்ள எடு."

கட்டு முழங்கால் உசரம் வந்ததும் ஊர்க்காவலன் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டே கேட்டார், "தம்பி, மேல காலியா இருக்கே. இன்னும் ரெண்டு வரிசை போடவா?"

செழியன் கயிற்றைப் போட்டு இறுக்கினான். முழங்கால் உசரத்தில்தான். "வேணாம் அண்ணாச்சி. ஃபுல்லாயிருச்சு."

யோகலட்சுமி சுற்றி வந்து நாலு சக்கரத்திலும் தீப்பெட்டியை வைத்தாள். நாலிலும் ஒருக்களித்து நின்றது. அவள் தலையை ஆட்டி ஏறிக்கொண்ட பிறகுதான் அவன் வண்டியைக் கிளப்பினான்.

மேட்டில் ஏறிற்று. இடது பக்கம் சாய்ந்தது. எதிர் வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. வண்டி மேட்டை விட்டு இறங்கி ரோட்டில் நேரானது. அவ்வளவுதான். ஊர்க்காவலன் மணல் வாளியைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்.

சுப்புலட்சுமி அம்மா எழுந்து வந்து யோகலட்சுமி பக்கத்துக் கதவில் கை வைத்தார்.

"விருதுநகர்ல இறக்கிட்டு, மூலையைப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு. திங்கக்கிழமை எட்டு மணிக்கே வந்துருங்க. தை வரைக்கும் தினம் ஒரு நடை."

"சரிங்கம்மா."

"அது என்ன, சக்கரத்துல செருகிச் செருகிப் பாத்த?"

"தீப்பெட்டிம்மா."

"குச்சி இருக்கா?"

"இல்லம்மா, காலி."

"அப்பச் சரி," என்றார் அம்மா.

ஆமத்தூர் தாண்டி மழை லேசாகத் தூறிற்று. புது டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போயிற்று. எதிரே முனியராஜின் பிக்கப் வந்தது, வானம் முட்ட அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு, காற்றுக்கு ஆடிக்கொண்டு. அவன் வேகத்தைக் குறைத்து ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்ன அத்தான், பாதி லோடோட போறீக? யாவாரம் டல்லா?"

யோகலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் அவசரப்படவில்லை. கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டான், முழங்கால் உசரத்தில் தார்ப்பாய் தட்டையாகக் கிடந்தது.

"ஏலே முனியராஜ், இதுல ஒரு கட்டைத் தூக்கிட்டு வந்து அப்புறம் கேளுலே!"

"என்ன அத்தான் ஏத்தியிருக்கீக?"

"அடுத்த வருசம் பூராத்தையும்!"

முனியராஜுக்கு என்னவென்று விளங்கவில்லை. அவனுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, போய்விட்டான்.

"நல்லாத்தான் பேசுதீக," என்றாள் யோகலட்சுமி. "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. முன்னால குழி."

"பாத்துட்டேன்," என்று அவன் மெதுவாக இறக்கி ஏற்றினான். இரண்டு பேரும் காதைக் கொடுத்தார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.